ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போன பை

2025 பிப்ரவரி 12, நேப்பர்வில்

எச்.பி. 2827, புது மசோதா. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். இல்லினாய் மாநிலத்தில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர இதுவரை யாரிடமும் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். 1950-இல் லெவிசன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டையும் தனியார் பள்ளியாக ஒப்புக்கொண்டது. அந்தக் கூரைக்குக் கீழேதான் நாங்கள் எல்லோரும். இந்த மசோதா நிறைவேறினால் வீட்டில் படிக்கிறான் என்று படிவம் கொடுக்க வேண்டும். சொல்லித்தருபவர் பன்னிரண்டாவதாவது முடித்திருக்க வேண்டும். கேட்டால் பிள்ளையின் நோட்டுகளைக் காட்ட வேண்டும்.

பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. ஈரெட்டு பதினாறு என்று சொல்லித்தரும் நான் எந்தக் கணக்கில் சேர்வேனோ!

பிப்ரவரி 13

தூக்கமில்லை.

மார்ச் 11

போன வாரம் வீட்டுக்கல்விக் குழுவோடு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனோம். ஐ-55-இல் மூன்று மணி நேரம், மடியில் செர்ரி பை. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு பை கொடுப்பது இங்குள்ள வீட்டுக்கல்விக் குடும்பங்களின் வழக்கம். அம்மாவிடம் போனில் சொன்னேன். “பையா? மஞ்சப் பையா, கட்டைப் பையா?” என்றாள். பழத்தை உள்ளே வைத்துச் சுடுவது என்று விளக்குவதற்குள் சிக்னல் போய்விட்டது.

உறுப்பினர் இல்லை. உதவியாளர் பையன் மரியாதையாகத்தான் இருந்தான். ஜிப் கோட் கேட்டு எழுதினான். இந்தத் தொகுதி வாக்காளரா என்றான். கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை என்றேன். பேனா அங்கேயே நின்றது. ஜன்னலோரம் ஏற்கெனவே ஏழெட்டுப் பைகள் அடுக்கியிருந்தன. என்னுடையதை மேலே வைத்தான். கீழே இருந்த டப்பா நசுங்கியது. ஊரில் மனு கொடுக்கப் போனாலும் இதே ஜன்னல், இதே அடுக்குதான். அங்கே காகிதம் என்பதால் நசுங்கியது தெரிவதில்லை.

மார்ச் 19

மசோதா மீது சட்டமன்றக் குழுவின் விசாரணை. குவிமாடத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கூட்டம். மாடிக் கைப்பிடிகளோரமெல்லாம் குடும்பங்கள். எதிர்ப்பு என்று குறித்து இணையத்தில் விட்னஸ் ஸ்லிப் போட்டவர்கள் பல்லாயிரம் பேராம். நானும் போட்டேன். என் பேரை ஒருவராவது படித்திருப்பார்களா?

உள்ளே இடமில்லை. சிப்ஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். உள்ளங்கை நிறையச் சில்லறை. அதை என் முன்னால் நீட்டி, “ஒன்று எழுபத்தைந்துக்குப் போதுமா?” என்றாள். அவசரத்தில் கேட்கிறாள் என்று நினைத்து எண்ணிக் கொடுத்தேன். ஐம்பது சென்ட் மிச்சம். அப்புறம்தான் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். மசோதாவை ஆதரித்துப் பேச வந்தவள். வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய, படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா கணக்குப் பக்கமே போகலை,” என்றாள். புகாராகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்படியில்லை என்றேன். தலையாட்டிவிட்டுச் சிப்ஸை நீட்டினாள். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டேன்.

8-க்கு 4. மசோதா குழுவைத் தாண்டிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் காரில் கோபமாகப் பேசினார்கள். நானும்தான்.

மார்ச் 23

சின்னவனின் பின்னக் கணக்கு நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஏப்ரல் 17

மூன்று உறுப்பினர்களுக்குப் போன். மூன்றும் குரல் அஞ்சல். மூன்றாவதில் என் பேரையே தப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 1

கூட்டத்தொடர் முடிந்தது. மசோதா அவையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. அடுத்த வருஷம் வேறு எண்ணில் வரும் என்கிறார் இவர். வாட்ஸாப்பில் காலையிலிருந்து பட்டாசுப் படம், கேக் படம்.

சாயங்காலம் சோபாவை நகர்த்திப் பெருக்கினேன். நோட்டு அங்கே கிடந்தது, தூசியோடு. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் டிசம்பர் 9. முக்காலை அரையால் வகுக்கச் சொல்லியிருக்கிறேன். சமக்குறி வரை போட்டிருக்கிறான்.