ஒருமுறைதான் ஒலிக்கும்

அக்கா மகள் இப்போதெல்லாம் காதில் ஹெட்போனோடுதான் வீட்டில் நடமாடுகிறாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்து, இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் லிசனிங் பகுதியை ஓடவிடுகிறாள். பிரிட்டனுக்குப் போக வேண்டும். அங்குள்ள செவிலியர் கவுன்சில், லிசனிங்கில் ‘பி’ கிரேடு கேட்கிறது. அதாவது 500க்கு 350. கேள்விகள் 42. நேரம் ஏறக்குறைய 40 நிமிடம்.

“ஒரே ஒரு தடவதான் போடுவாங்க மாமா. திரும்பக் கேக்க முடியாது” என்றாள்.

வானொலியும் அப்படித்தானே இருந்தது. 1975 ஜனவரி, பொங்கல் நேரம். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்து இந்தியாவை 190க்குச் சுருட்டிய ஆட்டம். விஸ்வநாத் மட்டும் 97 ரன்னோடு கடைசிவரை நின்றார். எங்கள் வீட்டு மர்பி ரேடியோவில் வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறிமாறி வரும். அண்ணன் பழைய நோட்டில் கோடு போட்டு ஸ்கோர் எழுதுவான். ஆங்கிலத்தில் பாஸ் மார்க் வாங்கவே திணறியவன் அவன். ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் பாதிச் சொல் அமுங்கிப்போனாலும், பந்து எந்தப் பக்கம் போனது, எத்தனை ரன் என்பதை விடமாட்டான். என்ன வரப்போகிறது என்று தெரிந்து காத்திருந்த காது அது.

ஓஇடியின் முதல் பகுதியிலும் இதற்கு இடம் உண்டு. நோயாளி பேசத் தொடங்குமுன், கோடிட்ட இடங்களைப் பார்த்துக்கொள்ள 30 விநாடி தருகிறார்கள். இங்கே வரப்போவது மருந்தின் பெயரா, வலி இருக்கும் இடமா, எத்தனை நாளாக என்பதா என்று அதற்குள் ஊகித்துவிட வேண்டும். அவள் அந்த நேரத்தில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் கண்ணுக்கான பாடம். சார் ஒரு வரி வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், நாங்கள் அடிக்கோடிடுவோம். காதுக்கென்று இருந்தது டிக்டேஷன் ஒன்றுதான். அதுவும் ஐந்தாம் வகுப்போடு போயிற்று. தமிழில் குறிலும் நெடிலும் தத்தம் அளவுக்கு ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். தர்ட்டீனா, தர்ட்டியா என்று தடுமாறாத தமிழ்க் காது குறைவு. வார்டில் டாக்டர் டோஸ் சொன்னால் அவள் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வாள். தேர்வு அறையில் யாரிடம் கேட்பது?

அப்பா இரவில் சிற்றலையைத் திருப்புவார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ கிடைக்கும். ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசிப்பார்கள். அது முழுக்கப் புரிந்த தெம்பில் முள்ளை பிபிசி பக்கம் நகர்த்தினால் ஒன்றும் பிடிபடாது. மெதுவான பேச்சில் தொடங்கலாம்; அதிலேயே தங்கிவிடக் கூடாது. அக்கா மகள் போனில் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேட்பதைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

“ஒண்ணு போச்சுன்னா அதையே நெனச்சிட்டிருக்கேன். அதுக்குள்ள அடுத்த மூணும் போயிருது மாமா.”

“காலைல ஹேண்டோவர்ல எப்படி எழுதுற மக்களே?”

பெட் நம்பர், டிரிப், பிபி, சுகர், நடுராத்திரி வந்த காய்ச்சல். ஒருத்தி மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல, இவள் நின்றபடியே குறித்துக்கொள்கிறாள். சுற்றிலும் பாத்திரச் சத்தம், போன் சத்தம், நோயாளியின் உறவினர் கேள்வி.

“அது டூட்டி, பரீட்ச இல்லல்லா” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டியாயிற்று. அங்கே சொல்லித்தரும் உத்திகளில் பாதி அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டுக்கொண்டே எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அதை ஆஸ்திரேலியக் குரலிலும் பிரிட்டிஷ் குரலிலும் செய்யப் பழகினால் போதும்.

அண்ணனுக்கு ஒரு பந்து காதில் விழாவிட்டால் அந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவான். ஓவர் முடிவில் வர்ணனையாளர் மொத்த ஸ்கோரைச் சொல்வார். அதை வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்வான். தேர்வில் அப்படி மொத்தம் சொல்ல ஆளில்லை என்றாலும், புள்ளி வைக்கலாம்.

தேர்வுக்குப் போகிற பிள்ளைகளே, தினம் ஒரு ஒலிப்பதிவை நிறுத்தாமல், ஒரே தடவை, பேனாவும் கையுமாகக் கேளுங்கள். தவறியதைத் தேடிப் பின்னால் போகாதீர்கள். விடுபட்டதைக் கடைசியில் ஊகித்தாவது நிரப்புங்கள்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.