அந்த 24 நிமிடங்கள்

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் நானும் ஒரு சின்ன அறையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐ.எஸ்.எல். பிளே ஆஃப். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும். சென்னையின் எஃப்.சி. அந்த வருடம் பிளே ஆஃபுக்கே வரவில்லை. அதனால் நாங்கள் மஞ்சள் சட்டைக்காரர்கள் பக்கம் சேர்ந்துகொண்டோம். ஒருத்தி மட்டும் பெங்களூரு. சட்டக் கல்லூரி மாணவி. சுனில் சேத்ரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அவள்.

லீகில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராக அரையிறுதிக்குப் போய்விடுவார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெங்களூரு நான்காவது, கேரளா ஐந்தாவது.

90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில் 96வது நிமிடம், கேரளாவின் பெட்டிக்குச் சற்று வெளியே பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கோல்கீப்பர் பிரப்சுகன் கில் சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். விசில் ஊதவில்லை. சேத்ரி மெதுவாகப் பந்தைத் தூக்கி அடித்தார். காலியாகக் கிடந்த வலைக்குள் விழுந்தது. நடுவர் கோல் என்றார்.

கேரள வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோட்டுக்கு அருகே வந்து கையை அசைத்து எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். அவர்களும் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள்.

எங்கள் அறையில் கைதட்டல். நானும் தட்டினேன். வெளிநடப்பு என்றால் நமக்கு ஒரு சந்தோஷம் தானாக வந்துவிடும், இல்லையா? அந்தச் சூட்டில் சொன்னேன்: “இது ஒரு ஜெயிப்பா? தகுதியே இல்லாத ஜெயிப்பு.”

அந்தத் தங்கை திரும்பிப் பார்த்தாள். “அண்ணா, அந்த வார்த்தைய நீங்க சொல்றீங்களா?”

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த வார்த்தையை நான் எங்கே வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் முதல் வாரம், வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, ஒரு ஆசிரியர் என்னை எழுப்பி “எத்தனை மார்க்குல உள்ள வந்த?” என்று கேட்டார். சொன்னேன். “அப்படியா” என்றார். அவ்வளவுதான். மூன்றாம் செமஸ்டரில் அவர் பாடத்திலேயே நல்ல மார்க் எடுத்தபோது, பேப்பர் திருத்தியவர் தாராளமானவர் என்றார். நான் வாங்கியது ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. யாரோ தூக்கிப் போட்டதாகவே இருந்தது. அந்த அளவுகோலை எடுத்து, ஒரு கோல் பிடிக்கவில்லை என்பதற்காக நான் சேத்ரி மேல் வைத்துவிட்டேன்.

அன்றிரவு இரண்டு மணி வரை வாதம் நடந்தது. கட்சி பிரிந்து கத்தினாலும் உருப்படியான விஷயங்களும் வந்தன.

ஃப்ரீ கிக் கிடைத்த அணி விசிலுக்குக் காத்திராமல் உடனே அடிக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. தவறு செய்த அணிக்குச் சுவர் அடுக்க அவகாசம் தர வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தும் வேலையை நடுவர் கையில் எடுத்துவிட்டால், அப்புறம் விசில் ஊதித்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கேரள ரசிகர்களின் வாதம் முழுக்க இந்த இரண்டாவது பகுதியில் நிற்கிறது. பெங்களூரு ரசிகர்கள் முதல் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன், முதல் முயற்சியை அட்ரியன் லூனா வந்து தடுத்ததே அது அவர் காதில் விழுந்ததால்தான் என்று சேத்ரி பின்னர் விளக்கம் சொன்னார்.

இதில் எந்தப் பக்கம் சரி என்று அடித்துப் பேசலாம். பேச வேண்டும். ஆனால் கேள்வி யாரை நோக்கி என்று கவனியுங்கள் தோழர்களே. விதியை எப்படிச் செயல்படுத்தினீர்கள் என்று நடுவரைக் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பதில் உண்டு, ஆதாரம் உண்டு, வீடியோ உண்டு. ‘உனக்குத் தகுதி இருக்கிறதா’ என்று வென்றவனைக் கேட்பது வேறு. அதற்கு அவன் என்ன பதில் சொன்னாலும் போதாது. எனக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சரி, வெளிநடப்பு? அதற்கும் அவள் ஒன்று சொன்னாள். “இன்னும் 24 நிமிஷம் இருந்துச்சுண்ணா. ஒரு கோல்தானே?”

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மார்ச் கடைசியில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்புச் சொன்னபோது கோபம் இறங்கியது. கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பகிரங்க மன்னிப்பும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளருக்கு 10 ஆட்டம் தடை, 5 லட்சம் அபராதம். மறு ஆட்டம் கேட்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. தண்டனை முழுவதும் வெளியேறியதற்குத்தான். கோலில் தொடங்கிய வழக்கு, வெளிநடப்பு வழக்காக முடிந்துபோனது.

இதை நான் முன்பே ஒருமுறை பார்த்தவன். சில வருடங்களுக்கு முன் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை ஒன்றுக்காக ஒரு அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. எதிர்த்தரப்புக்கு நாற்காலி, எங்கள் பெரியவர்களுக்கு நிற்க இடம். நான்தான் “வாங்க போலாம்” என்றேன். எல்லாரும் எழுந்து வந்தோம். வெளியே முழக்கம், போட்டோ. பிறகு கையில் கிடைத்த கூட்டக் குறிப்பில் நாற்காலி இல்லை. பாதையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ‘மனுதாரர் தரப்பு ஒத்துழைக்காமல் வெளியேறியது’ என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு வரியை அழிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் பிணத்தை வயல் வரப்பில்தான் தூக்கிப் போனார்கள்.

வெளிநடப்பே கூடாது என்று சொல்லவில்லை. நின்று பெற ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுந்து வரத்தான் வேண்டும். ஆனால் எழுவதற்கு முன்னால் நம் ஆட்சேபத்தை அவர்கள் காகிதத்தில் ஏற்றிவிட வேண்டும். ஆடி முடித்துவிட்டுப் புகார் கொடுத்திருந்தால், கேரளாவின் வழக்கில் விசாரிக்க அந்தக் கோல் ஒன்றுதான் இருந்திருக்கும்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பெங்களூரு அரையிறுதியில், லீகில் முதலிடம் பிடித்த மும்பை சிட்டியைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று இறுதிக்குப் போனது. மார்ச் 18, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம். எதிரே ஏ.டி.கே. மோகன் பகான். 2-1 என்று பெங்களூரு முன்னிலை. 85வது நிமிடத்தில் மோகன் பகானுக்கு ஒரு பெனால்டி. 2-2. போனில் அவள் கத்தினாள். “அது பாக்ஸுக்கு வெளியண்ணா! ரெஃப்ரி ஏமாத்திட்டாரு!” நடுவர் தீர்ப்பே இறுதி என்று இரண்டு வாரமாக எங்களுக்குப் பாடம் எடுத்தவள்!

திருப்பிக் கொடுக்க எனக்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் கேட்டது வேறு. “கிரவுண்ட விட்டுப் போய்ட்டாங்களா?”

“இல்லண்ணா. ஆடிட்டு இருக்காங்க.”

எக்ஸ்ட்ரா டைம் முழுவதும் ஆடினார்கள். ஷூட் அவுட்டில் 4-3 என்று தோற்றார்கள். அந்தப் பெனால்டியைப் பற்றி அவள் இன்றும் சண்டை பிடிப்பாள். சண்டை பெனால்டியைப் பற்றியதாகவே இருக்கிறது, அவள் அணி என்ன செய்தது என்பதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் இப்போதும் கேட்பார்கள்: அன்றைக்குக் கண்டீரவாவில் பெங்களூரு நியாயமாக ஜெயித்ததா? நடுவரின் முடிவைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு, அதைச் சொல்வேன். எந்த அணி மேல் என்று கேட்டால் தெரியாது என்பேன். தெரிந்துகொள்ள 24 நிமிடம் இருந்தது. யாரும் ஆடவில்லை.