குடிலுக்கு எத்தனை பெயர்கள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்தவுடன் நம் ஆய்வாளர் வட்டத்தில் இரண்டு வகைப் பதிவுகள் தவறாமல் வலம் வருகின்றன. கிறிஸ்மஸ் என்பது உண்மையில் உரோமானியரின் கதிரவன் விழா என்று நிறுவுவது ஒரு வகை. தாள் நட்சத்திரமும் பழக்கேக்கும் நம் மண்ணுக்கு உரியவை அல்ல என்று வருந்துவது மற்றொரு வகை. எழுதுவோர் எதிரெதிர் அணியினர் என்றாலும் இருவரின் அடிப்படை ஒன்றே: ஒரு வழக்கம் எங்கே தோன்றியதோ அதுவே அதன் உண்மைப் பொருள் என்னும் நம்பிக்கை.

மொழியியல் பயின்றோர்க்கு இந்த நம்பிக்கை பழக்கமானது. ஒரு சொல்லின் வேரைக் கண்டுவிட்டால் இன்றைய பொருளையும் கண்டுவிட்டோம் என்று கருதும் மயக்கம் அது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பது உண்மை. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்று விருந்தினர் ஒருவரிடம் "உங்கள் வீட்டில் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பார்த்தால் வேர்ச்சொல் ஆராய்ச்சியின் எல்லை எது என்பது விளங்கிவிடும். சொல்லின் பொருளைத் தீர்மானிப்பவர் அதை வழங்குவோர். விழாக்களுக்கும் இது பொருந்தும் என்பதே விவேக் நகரில் நான்கு மார்கழிகளைக் கழித்தபின் எனக்குத் தோன்றுவது.

பெங்களூரை அறிந்தவர்க்கு விவேக் நகர் என்றவுடன் குழந்தை இயேசு திருத்தலமே நினைவுக்கு வரும். வியாழக்கிழமைதோறும் நவநாள் வழிபாட்டுக்காக மக்கள் திரள்வர். மெழுகுவத்தி விற்போர், பூ விற்போர், ஆட்டோக்கள், நேர்த்திக்கடன் செலுத்த வந்தோர் என்று தெருவே மாறிவிடும். வந்தவர்களுள் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் வழிபாட்டு மொழிகளாக மாறி மாறி ஒலிக்கும். அங்கே வணங்கப்படும் குழந்தை உருவின் மூலப்படிவம் பிராகா நகரில் உள்ளது. எசுப்பானியாவிலிருந்து அங்கே சென்ற அதனைப் பொலிக்சேனா என்ற பிரபுகுலப் பெண்மணி 1628ஆம் ஆண்டில் கார்மேல் சபைத் துறவியருக்கு அளித்தார். வழிபாட்டுக் காலத்திற்கேற்ப அதற்கு ஆடை மாற்றி உடுத்துவது அங்கும் மரபு. நம் ஊர்க் கோயில்களில் அலங்காரம் பார்த்து வளர்ந்த கண்களுக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியாது. எசுப்பானியப் பொருள் என்றோ செக் நாட்டுப் பொருள் என்றோ அதனை இனி யாரால் பிரித்துக் காட்ட முடியும்?

நான் குடியிருக்கும் தெருவில் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே வீட்டு வாசல்களில் குடில்கள் எழத் தொடங்கும். வைக்கோல், பாசி, மரத்தூள், களிமண் ஆடுகள், ஒரு சிறு விளக்குச் சரம். இந்த ஒரே பொருளுக்குத் தெருவில் நான்கு பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் 'குடில்' என்கின்றனர். மலையாளி வீட்டில் அது 'புல்க்கூடு'. கன்னடக் கத்தோலிக்கர் 'கோதலி' என்பர். அச்சொல் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியைக் குறிப்பது. ஆங்கிலம் பேசும் குடும்பத்தார் 'கிரிப்' என்கின்றனர். அதுவும் ஆதியில் தீவனத் தொட்டியே. ஒரு மொழி கூரையைப் பார்த்தது. ஒரு மொழி புல்லைப் பார்த்தது. மற்றவை குழந்தை கிடந்த தொட்டியைப் பார்த்தன. தமிழுக்குள்ளேயே விவிலிய மொழிபெயர்ப்புகள் பிரிகின்றன: சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் 'முன்னணை', கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி'. கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால் விழாவின் பெயரே மாறிவிடும். அங்கே அது 'நத்தார்'. பிறப்பைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லான 'நத்தால்' என்பதிலிருந்து வந்தது. 'மேசை', 'அலமாரி', 'சாவி' ஆகியவற்றைத் தந்த அதே மொழி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நத்தாரை மட்டும் அந்நியம் என்று சொல்ல முடியாது.

இயேசு பிறந்த இடம் ஒரு குகை என்ற மரபும் தொன்மையானது. பெத்லகேமின் பிறப்பிடக் கோவில் ஒரு குகையின் மேல்தான் எழுந்துள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் லூர்து அன்னைக்குக் கட்டும் குகையைக் 'கெபி' என்று அழைக்கின்றனர். கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள வெள்ளகெவி என்ற ஊர்ப்பெயரில் இருப்பது இதன் மறுவடிவம். கன்னடத்தில் குகைக்குக் 'கவி' என்று பெயர். முதலெழுத்தைக் 'கங்கை' என்று பேச்சில் சொல்வதைப் போல மெலிதாக ஒலிக்க வேண்டும். பெங்களூரின் கவிபுரத்தில் உள்ள கவி கங்காதரேசுவரர் கோயில் அப்படியொரு குகையே. மகர சங்கராந்தி மாலையில் நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து வரும் கதிரொளி அக்குகைக்குள் இலிங்கத்தின்மேல் படுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அதே ஜனவரி 14 அன்றுதான் விவேக் நகரில் குழந்தை இயேசுவின் ஆண்டுப் பெருவிழா. அந்நாளை ஒட்டியே தமிழர் வீடுகளில் பொங்கல் பானை ஏறுகிறது. ஒரே நகரில் ஒரே நாளில் இருவேறு கூட்டங்கள் இருவேறு சந்நிதிகளை நோக்கி நடக்கின்றன. இரண்டிலும் கலந்துகொள்ளும் குடும்பங்களும் எங்கள் தெருவில் உண்டு.

இந்த நாள்களின் கணக்கு தனிக் கதை. பழைய உரோம மரபு டிசம்பர் 25ஐக் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளாகக் கொண்டது. அந்நாளைக் கிறிஸ்து பிறப்பு நாளாக உரோமில் கொண்டாடியதற்கான முதல் சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது; 354இல் தொகுக்கப்பட்ட ஓர் ஏட்டில் அது கிடைக்கிறது. கதிரவன் விழாவின் மேல் இது பதிந்தது என்பர் சிலர். மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணிய கணக்கே இது என்பர் வேறு சிலர். நம் பக்கம் மகர சங்கராந்தியும் ஒரு காலத்தில் கதிர்த்திருப்பத்தோடு ஒன்றியிருந்தது. விண்மீன்களைக் கொண்டு ஆண்டை அளக்கும் முறையில் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகல் சேர்கிறது. டிசம்பர் 21க்கும் ஜனவரி 14க்கும் இடைப்பட்ட 24 நாள்களை அந்த வீதத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் கிடைக்கும். கதிரவன் தன் வழியில் போய்விட்டான். இரு விழாக்களும் தத்தம் நாளில் நின்றுவிட்டன. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6இலும், எத்தியோப்பியரும் இரஷ்ய மரபினரும் ஜனவரி 7இலும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகின்றனர். இவற்றுள் சரியான நாள் எது என்று கேட்பது, 'குடில்', 'கோதலி' இரண்டில் எது சரியான சொல் என்று கேட்பதற்கு நிகர்.

காவிரிக்கரையில் நான் வளர்ந்த வீட்டில் மார்கழி என்றால் விடியலுக்கு முன் திருப்பாவை, வாசலில் பூசணிப்பூ, கோயிலில் சூடான வெண்பொங்கல். பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள், வயலுக்குச் செல்வோரும் வந்து போகும்படி விடியலுக்கு முன்பே திருப்பலி நடக்கும் என்றும், அது முடிந்ததும் தேவாலய வாசலில் அரிசி மாவுப் பண்டங்கள் சுடச்சுட விற்கும் என்றும் முதன்முதலாகப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 'சிம்பாங் காபி' என்று அதற்குப் பெயர். இரவு வழிபாடு என்று பொருள். நம் மார்கழியும் ஏறத்தாழ அதே 16ஆம் தேதிதான் பிறக்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் தேவையில்லை. குளிர்ந்த விடியலில் கூடிப் பாடி, சூடாக ஏதேனும் உண்ண வேண்டும் என்ற எண்ணம் எங்கும் தோன்றக்கூடியது. சில நேரங்களில் உருவம் வெளிப்படையாகவே கைமாறுகிறது. எங்கள் தஞ்சையின் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி குறி சொல்வதைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அதைவிட அணுக்கமான நுழைவாயில் இருந்திருக்க முடியாது.

இவ்வளவையும் ஆய்வுக்கட்டுரை நடையில் எழுதிவிட்டு நான் அமைதியாக இருந்திருக்கலாம். இவ்வாண்டு என்னை அமைதியாக இருக்கவிடாதது ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபத்தெட்டு வயதுத் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்மணி. அவரை ஆயா என்றே அழைக்கிறேன். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பம். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின் மகனோடு பெங்களூருக்கு வந்தார். அங்கே டிசம்பர் இரவுகளில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளைச் சுற்றிக் குழுவாகப் பாடி வந்த ஒரு பாட்டு அவர் நினைவில் இருக்கிறது. எந்த அச்சிட்ட பாடல் தொகுப்பிலும் அதை நான் காணவில்லை. அவர் கணவரின் குழுவில் பாடியவர்களுள் இன்று எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. "நான் போய்ட்டா இத்த யாரு கண்ணு பாடுவா?" என்று ஒருநாள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டே கேட்டார். குரலில் துயரம் இல்லை. பாகின் பதம் பார்க்கும் கவனத்தோடுதான் கேட்டார்.

அவருடைய பத்து வயதுப் பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறாள். ஆயா வரிவரியாகச் சொல்ல, அவள் அந்தப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். அந்த ஏட்டை என்னிடம் காட்டினாள். தமிழ் எழுத்து ஒரே ககரத்தால் குறிப்பதை அவள் காதில் விழுந்தபடி வல்லொலி, மெல்லொலி என்று பிரித்திருந்தாள். றகரமும் ரகரமும் ஒன்றாகியிருந்தன. ஆயா பேசும்போது 'கொயந்த' என்பார். பாடும்போது மட்டும் நாவை மடித்துக் 'குழந்தை' என்று திருத்தமாக ஒலிப்பார். அந்த ழகரத்துக்கு இன்றைய கன்னடத்தில் எழுத்து இல்லை. பழங்கன்னடத்தில் இருந்து பின்னர் வழக்கொழிந்தது. சிறுமி ளகரத்தை எழுதி அதன் கீழே தானாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். "இது என்ன புள்ளி?" என்று கேட்டேன். "ஆயா பாடறப்ப அது வேற மாதிரி கேக்குது அக்கா, அதான்" என்றாள். மொழியியல் வகுப்பில் ஒலிக்குறியீட்டைக் கற்க எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், தமிழ் எழுத்து போய்விட்டால் தமிழ் போய்விட்டது என்றுதான் பொருள் என்றார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. எழுத்தறியாத தலைமுறைக்கு அடுத்த தலைமுறை பேச்சையும் இழப்பதை இந்நகரிலேயே பார்க்கிறோம். ஆனால் 1554இல் லிஸ்பன் நகரில் அச்சேறிய முதல் தமிழ் நூலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு செபநூல். அதில் தமிழ் உரோமானிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவருவதற்கு மேலும் 24 ஆண்டுகள் ஆயின. வேற்று எழுத்தில் எழுதப்படுவது ஒரு மொழியின் முடிவாகவும் அமையலாம், தொடக்கமாகவும் அமையலாம். எது என்பதை ஏடு தீர்மானிப்பதில்லை. அதன் பிறகு யார் என்ன செய்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

ஆயா பாடியதை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். டிசம்பர் 24 இரவு, தெருக்குழுவோடு பேத்தி அதைப் பாடப் போகிறாள். கையில் அந்தக் கன்னட ஏடுதான் இருக்கும். பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல், காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எந்த எழுத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். புள்ளி வைத்த அந்த எழுத்திலிருந்து என்றாள்.

உங்கள் வீடுகளிலும் இப்படி வேற்று எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பாட்டேடுகள் இருக்கலாம். மலையாளத்தில், தெலுங்கில், சிங்களத்தில், ஆங்கில எழுத்தில். எச்சமயத்தைச் சார்ந்தவை ஆயினும் சரி. பழைய தாள் வாங்குபவரிடம் போடுவதற்குமுன் ஒருமுறை எனக்கு எழுதுங்கள். அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். வரவிருக்கும் பொங்கலுக்கும் சேர்த்தே.