அரிமளத்தில் பெற்ற பிரசாதம்

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் அமைந்த ஊர் அரிமளம். கண்மாய்களும் தைலமரக் காடுகளும் சூழ்ந்த அவ்வூரில்தான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் உள்ளது. நெல்லைச் சீமையில் அவதரித்த சுவாமிகள், பேராசிரியர் சுந்தரம் பிள்ளைக்கு ஞானகுருவாக விளங்கியவர். பிள்ளையவர்கள் இயற்றி 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் வரும் சுந்தர முனிவர், தம் குருநாதரை எண்ணிப் படைத்த பாத்திரம் என்பர்.

அண்மையில் என் மகளுடனும் 6 வயதுப் பேரனுடனும் அங்குச் சென்று வந்தேன். அப்பயணத்தின் பின்னே ஒரு வேண்டுதல் இருந்தது.

பேரனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அது தெரிந்திருந்தும், அவனுடைய 3 வயதில் ஒரு பிழை செய்தேன். வீட்டிற்கு வந்த பிரசாதத்தில் கடலை இருப்பதாக மகள் தடுத்தாள். "சுவாமி பிரசாதம் ஒன்றும் செய்யாதம்மா" என்று கூறி ஒரு வாய் ஊட்டிவிட்டேன். சிறிது நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது, மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் உடனே போட்ட அட்ரினலின் ஊசியே அவனை மீட்டது. மகள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். "இம்முறை அளவு குறைந்திருந்தால் குடும்பத்துடன் வந்து வணங்குகிறேன்" என்று சுவாமிகளிடம் வேண்டிக்கொண்டேன். முடிவு வந்தது. அளவு சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தது. காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு மகள் அடுக்களைக்குள் சென்றுவிட்டாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்த எண், ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பைக் காட்டுமேயன்றி, அதன் கடுமையைக் காட்டாது. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். நிலக்கடலை ஒவ்வாமையோ ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கே நீங்கும். தின்று பார்க்கும் சோதனையை மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்யலாம் என்றார்.

அரிமளப் பயணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எண்ணினேன். மகள் கேட்டாள்: "நாம் கேட்டது கிடைத்தால்தான் போகவேண்டுமா, அப்பா?" வங்கியில் நெடுங்காலம் வரவும் செலவும் பார்த்தவன், சுவாமிகளிடமும் கணக்கு வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுவாரமே புறப்பட்டோம்.

அதிஷ்டானத்தில் வழிபாடு முடிந்தபின், அன்று வந்திருந்த ஒரு குடும்பத்தார் கொண்டைக்கடலைச் சுண்டல் வழங்கினர். பேரன் கையை நீட்டவில்லை. "தாத்தா, இதில் எனக்கு ஆகாதது இருக்கிறதா?" என்று என்னைப் பார்த்தான். தயக்கத்தை விட்டு அவர்களிடம் கேட்டேன். செக்கில் ஆட்டிய கடலையெண்ணெயில் தாளித்ததாகக் கூறினர். நிலக்கடலை விளையும் சீமையில் அது இயல்பே. ஆனால் செக்கெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

பூசை செய்த பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரனை அருகழைத்துத் திருநீறு பூசி, ஒரு மலரையும் கையில் கொடுத்து, "இதுவும் பிரசாதந்தான், குழந்தாய்" என்றார். அவன் அம்மலரை வீடு வரும்வரை கையிலிருந்து விடவில்லை.

என் வயதொத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய குழந்தைக்குப் பிரசாதத்தை வற்புறுத்தி ஊட்டாதீர்கள். பெற்றோர் மறுப்பது பக்திக் குறைவன்று. அன்னதானம் செய்வோர், என்னென்ன சேர்த்தோம் என்பதைக் கேட்பவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். தவறி உண்டு மூச்சுத் திணறினால், மருத்துவர் தந்திருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. திருநீறு நெற்றிக்கு, ஊசி உயிருக்கு. இரண்டும் இப்போது என் பையில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டும் பரிசோதனை உண்டு. எண் ஏறினாலும் இறங்கினாலும் அரிமளம் செல்வதென்று மூவரும் முடிவு செய்துவிட்டோம்.