வெளிச்சம் போட்டு ஒளிஞ்சுக்கோ!

கிளாஸ்ல புரொஃபசர் கேள்வி கேட்கப் போறார்னு தெரிஞ்சதும் என்ன பண்ணுவீங்க? தலையைக் குனிஞ்சு நோட்டுல எதையோ தேடுற மாதிரி பாவ்லா காட்டுவீங்க. அங்கேதான் தப்பு! குனிஞ்ச தலைதான் முதல்ல கண்ணுல படும். 'தேர்ட் பெஞ்ச்... எழுந்திரு!' கதை முடிஞ்சது. நிஜமாவே ஒளியணும்னா, பக்கத்துல இருக்கிறவன் முகத்துல எவ்வளவு பிரகாசமோ அதே அளவு நம்ம முகத்துலயும் இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இந்த டெக்னிக்கில் பி.ஹெச்டி. வாங்கின ஆசாமி ஒருத்தர் இத்தாலிப் பக்கம் இருக்கார். நீளம், சுமார் நாலே சென்டிமீட்டர். வாங்க, பார்த்துட்டு வரலாம். பாஸ்போர்ட் வேண்டாம், என்கிட்டயும் இல்லை. மேப்பும் லைப்ரரியும்தான் நமக்கு டிக்கெட்!

இத்தாலியின் மேப்பைப் பாருங்க. பூட்ஸ் நுனிக்கும் சிசிலித் தீவுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதுதான் மெஸ்ஸினா ஜலசந்தி. ரொம்பக் குறுகலான இடத்தில் அகலம் மூணு கிலோமீட்டர் சொச்சம். வில்லா சான் ஜியோவன்னியில் ரயிலையே பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள்ள ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போறாங்க. 'ஒரே தாவாக 3,300 மீட்டருக்குத் தொங்குபாலம் கட்டலாமா?' என்று பல வருஷமா சண்டை நடக்குது. சிவில் பசங்க கவனிக்க!

ஆனா, நமக்கு வேலை பாலத்துக்குக் கீழே. இங்கே நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். 'ஒடிசி'யில் ஹோமர் சொன்ன ஸில்லா, கரிப்டிஸ் ராட்சசிகள் குடியிருந்தது இங்கேதான் என்பது காலங்காலமான நம்பிக்கை. நிஜக் காரணம் கடலின் தரை. ஜலசந்தியின் நடுவே ஆழம் 80 மீட்டர்தான், வாசல்படி மாதிரி. தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டிடும். அங்கிருந்து வர்ற ஆழ்கடல் தண்ணீர் இந்தப் படியில் மோதி மேலே ஏறும். கூடவே, அங்கே குடியிருக்கிறவங்களும்!

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரோட்டம் வேகமெடுக்கும். தெற்குக் காத்தும் அடிச்சிருந்தா, மறுநாள் காலையில் கரையோரக் கூழாங்கல்லில் சாக்லேட் சுத்தின ஜிகினாத்தாள் மாதிரி ஏதாவது மின்னலாம். குனிஞ்சு எடுத்தா... கோடரி மீன்! முன்பக்கம் அகலமான வெட்டுவாய், பின்பக்கம் மெலிஞ்ச கைப்பிடி, உடம்போ தகடு மாதிரி. 1829-ல் இதுக்குப் பெயர் வெச்சவர் மெஸ்ஸினாவின் இயற்கை ஆய்வாளர் அனஸ்தாசியோ கோக்கோ. ஆர்கைரோபெலிகஸ் ஹெமிஜிம்னஸ். வாய் வலிக்குதா? 'வெள்ளிக் கோடரி, அரை நிர்வாணம்' அவ்வளவுதான் அர்த்தம்!

இப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அதோட வீட்டுக்கு இறங்குங்க. பகலில் முந்நூறு, நானூறு மீட்டருக்கும் கீழே. சிவப்பு, மஞ்சள் எல்லாம் எப்பவோ காணாமப் போச்சு. மேலேயிருந்து மங்கலா ஒரு நீலம் மட்டும். கீழே இருக்கிற எதிரி அண்ணாந்து பார்த்தா, அந்த நீலத்தில் கறுப்பா ஒரு நிழல் தெரியும். குனிஞ்ச தலை மாதிரி!

கோடரி மீன் என்ன பண்ணுது தெரியுமா? வயித்துல லைட் போடுது! வயித்தோரமா மட்டும் பக்கத்துக்குப் பன்னிரண்டு ஒளி உறுப்புகள். உள்ளே கண்ணாடிப் பூச்சு, வெளியே கலர் ஃபில்டர். மேலேயிருந்து வர்ற அதே நீலம், அதே அளவு. நிழல் அழிஞ்சு போச்சு! 1972-ல் எரிக் டென்டனும் சகாக்களும் இந்த இன மீன்களின் ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு விழுதுன்னு அளந்தாங்க. கடலுக்குள் இறங்குற சூரிய ஒளியோட கணக்கு அப்படியே பொருந்திச்சு.

சரி, எவ்வளவு வெளிச்சம் போடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணும் குழாய் மாதிரி மேல்நோக்கியே இருக்கு. கண்ணுக்கு முன்னாடி குட்டியா ஒரு ஒளி உறுப்பு. அது தன்னோட வெளிச்சத்தைத் தன் கண்ணுக்கே காட்டி, மேலே இருக்கிற வெளிச்சத்தோட ஒப்பிட உதவுதுன்னு கருதுறாங்க. இன்புட், அவுட்புட், ஒப்பீடு, திருத்தம். 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பேப்பரில் வர்ற ஃபீட்பேக் லூப் அப்படியே! இதுல சுவிட்ச் என்ன தெரியுமா? 1970-களில் பெல்ஜிய விஞ்ஞானி ஃபெர்னாண்ட் பாகே, மெஸ்ஸினா மீன்களோட ஒளி உறுப்புகளைத் தனியா எடுத்து அட்ரினலின் கொடுத்துப் பார்த்தார். எரிஞ்சது! எக்ஸாம் ஹாலில் நமக்குப் படபடன்னு அடிச்சுக்குமே, அதே சரக்கு.

அப்போ இதை யாரும் பிடிக்கவே முடியாதா? முடியும். சில ஆழ்கடல் மீன்களுக்குக் கண்ணில் மஞ்சள் லென்ஸ். சூரிய வெளிச்சத்தையும் டூப்ளிகேட் வெளிச்சத்தையும் பிரிச்சுப் பார்க்க அது உதவும். கொடுமை என்னன்னா, இதோட சொந்தக்காரரான ஆர்கைரோபெலிகஸ் அஃபினிஸுக்கும் அந்த லென்ஸ் உண்டு!

மேலே வாங்க, திரும்பவும் கரைக்கு. கூழாங்கல் மேல் கிடக்கு நம்ம ஆள். எல்லாப் பக்கமும் வெயில். வயித்து லைட்டால் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இதைப் பத்தி விஞ்ஞானிகள் தெரிஞ்சுக்கிட்டதில் நிறைய, அது ஒளிய முடியாம ஒதுங்கின இந்தக் கரையில்தான் ஆரம்பிச்சது.

நானும் போன செமஸ்டர் முழுக்க தேர்ட் பெஞ்ச்சில், எல்லாம் புரிஞ்ச முகத்தோட பக்காவா ஒளிஞ்சிருந்தேன். ஒருத்தர் கண்ணுலயும் படலை. ரிசல்ட் அன்னிக்குத்தான் கரை ஒதுங்கினேன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்... அரியர்!

ஒளியலைன்னா அந்த மீனுக்கு உயிர் போயிடும். எனக்குப் போறது கொஞ்சம் மானம்தான். போன வாரம் கையைத் தூக்கி, 'சார், ஃபீட்பேக் லூப் இன்னொரு தடவை சொல்லுங்க' என்றேன். கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு. திரும்பினதுல பாதிப் பேர், அவர் போர்டு பக்கம் திரும்பினதும் அவசரமா நோட்டைத் திறந்தாங்க!