ஃபைலின் இந்தப் பக்கம்

வங்கியில் சீஃப் மேனேஜராக இருந்தவன் ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்றால், கோயமுத்தூரில் யாரும் முதலில் ‘ஏன்?’ என்று கேட்பதில்லை. “பென்ஷன் வருமுங்களா?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரும். பொதுத்துறை வங்கிகளின் 1995ஆம் வருஷத்துப் பென்ஷன் விதிகளின்படி இருபது வருட சர்வீஸ் முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். எனக்கு இருபத்தெட்டு ஆகியிருந்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இளையவள் காலேஜில் கடைசி வருஷம், வீட்டின் மேல் கடன் இல்லை. இத்தனையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே 2017இல் கடிதம் கொடுத்தேன். அதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மறுநாளே வேறு பிழைப்புத் தேடிக் கிளம்புகிறானே ஃபவுண்டரி சூப்பர்வைசர், அவன் செய்வது துணிச்சல்.

‘செகண்ட் இன்னிங்ஸ்’ என்ற சொல்லும் எனக்குப் பிடிப்பதில்லை. கிரிக்கெட்டில் இரண்டாவது இன்னிங்ஸிலும் அதே ஆட்டக்காரர் அநேகமாக அதே இடத்தில்தான் இறங்குவார். இதில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்குவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

‘ஏன்’ கொஞ்ச நாள் கழித்து வரும், அதுவும் சுற்றி வளைத்து. “பேங்க்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?” விஜிலென்ஸ் கேஸா என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை. கடைசி நான்கு வருஷம் என்னைக் கடன் வசூல் பிரிவில் போட்டிருந்தார்கள். அதுதான் காரணம், ஆனால் கேட்பவர் நினைக்கிற மாதிரி அல்ல.

2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 13(2) நோட்டீஸ், 60 நாள் கெடு. அதற்குள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை வங்கி சுவாதீனம் எடுக்கலாம். கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், விளம்பரம் கொடுக்க வேண்டும். இவற்றிலெல்லாம் கையெழுத்துப் போடுகிற ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’ பொதுத்துறை வங்கியில் சீஃப் மேனேஜருக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். எங்கள் பிரிவில் அது நான்.

நடுவில் நீதிபதி என்று ஒருவர் கிடையாது. கடன்காரர் எங்கள் மேஜைக்குத்தான் வருவார், நான் உட்கார்ந்திருப்பேன், அவர் நிற்பார். உட்காரச் சொன்னாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அந்தச் சட்டம் தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. டெபாசிட் போட்ட ரிட்டயர்டு வாத்தியாருக்கும் பணம் திரும்பி வர வேண்டுமல்லவா. பெரிய கைகள் சிவில் கோர்ட்டில் எத்தனை வருஷம் இழுத்தடிப்பார்கள் என்பதையும் பார்த்தவன் நான். ஆனால் அதே சட்டத்தில் கடன்காரர் ஏறி நிற்பதற்கும் சில படிகள் வைத்திருக்கிறார்கள். எதிரே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த ஒருவன் அந்தப் பக்கம் போய் நின்றால் என்ன என்ற யோசனை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வந்த பிறகு போகவில்லை.

சட்டக் கல்லூரி மூன்று வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் முதலில் ‘அங்கிள்’ என்றார்கள், இரண்டாம் செமஸ்டரில் நோட்ஸ் கேட்க ஆரம்பித்ததும் ‘அண்ணா’ ஆனேன். நூலகத்தில் கண்ணில் பட்ட ஒரு தீர்ப்பு மட்டும் மனதில் தங்கிவிட்டது. 45 வயது தாண்டியவர்களை வக்கீலாகப் பதிவு செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 1993இல் ஒரு விதி கொண்டுவந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் ருசிகரமானது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் பழைய தொடர்புகளை வைத்துக் கேஸ் பிடிப்பார்கள், புதிதாக வரும் இளைஞர்களின் மனதையும் கெடுத்துவிடுவார்கள் என்பது. விதி போனது சரிதான், நான் கோட்டு மாட்டியதே அதனால்தான். ஆனால் அந்தக் காரணம் முழுக்கப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பதிவு முடிந்த வாரமே பழைய சகா ஒருவர் போன் செய்தார். “பேனல்ல சேர்ந்துக்கப்பா. பாதி ஜோனல் ஆபீஸ் உனக்குத் தெரிஞ்சவங்கதான். வருஷம் அம்பது கேஸ் வரும், நோகாம பண்ணலாம்.” உண்மை. வரும். அப்படிச் செய்வதென்றால் நான் வேலையை விட்டிருக்கவே வேண்டாம்.

என் சீனியருக்கு அப்போது முப்பத்தேழு வயது. மூத்த மகளைவிடச் சில வருஷம்தான் பெரியவர். நான் அவரை ‘மேடம்’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். குமாஸ்தாவுக்குத்தான் சங்கடம். “சார் கூப்புடறாரு” என்றால் யார் என்று குழம்புகிறது என்று, என்னை ‘பேங்க் சார்’ ஆக்கிவிட்டார். இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

முதல் வருஷம் முழுக்கக் கேஸ் கட்டைத் தூக்கினேன், வாய்தா வாங்கினேன், சான்றிட்ட நகலுக்காக செக்‌ஷன் வாசலில் காத்துக் கிடந்தேன். மாசம் கைக்கு வந்தது, பழைய பிராஞ்சில் டீ, பிஸ்கட்டுக்கு நான் பாஸ் பண்ணிக்கொண்டிருந்த பில்லைவிடக் குறைவு. பணத்தையாவது எதிர்பார்த்திருந்தேன். நிற்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கோர்ட் ஹாலில் நாற்காலிகள் சீனியர்களுக்கு. ஜூனியர் சுவரோரம் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பையன்கள் இரண்டு மணி நேரம் சாதாரணமாக நிற்பார்கள். நான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தேன். அதைவிட, என்னைத் தாண்டிப் போகிற யாருக்கும் நான் யார் என்று தெரியாது என்பது பழக ரொம்ப நாள் பிடித்தது. வங்கியில் நான் உள்ளே நுழைந்தால் செக்யூரிட்டி எழுந்து நிற்பார்.

எழுத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வங்கி நோட் என்பது தனிக் கலை. ‘பரிசீலிக்கலாம்’, ‘மேலிடத்தின் முடிவுக்கு உட்பட்டு’ என்று எந்த வாக்கியமும் எழுதினவன் தலையில் வந்து விழாதபடி எழுத வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். மேடம் என் முதல் டிராஃப்டைப் படித்துவிட்டு, “சார், பதினோரு பக்கம் இருக்கு. இதுல நாம என்ன கேக்கறோம்?” என்றார். நான்கு பக்கமாகச் சுருக்கினார். தேதி, நடந்தது, பிரிவு, வேண்டுவது. அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த வங்கிக்கு எதிரான வழக்குகளைத் தொடுவதில்லை. முதல் நாளே மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லா வங்கியின் ஃபைலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன வருஷம் கணபதிப் பக்கமிருந்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார், வேறொரு வங்கியின் சுவாதீன நோட்டீஸோடு. பம்ப் உதிரிபாகத்துக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர். பட்டறைக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் அடமானம். ஆர்டர் கொடுத்த கம்பெனி பாக்கி வைத்ததில் இவர் தவணை நின்றிருக்கிறது. 13(2) நோட்டீஸ் வந்ததும் யாரையும் கேட்காமல் தானே தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். வட்டிக் கணக்கில் எந்த மாசம் எவ்வளவு அதிகம் என்று கோடு போட்ட தாளில் பட்டியல். பட்டறையில் அளவு எழுதுகிறவரின் எழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை.

அதற்கு வங்கி அனுப்பிய பதில் இரண்டு வரி. ‘தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது. ஏற்கத்தக்கதல்ல.’ அந்த வரிகளைப் பார்த்ததும் எந்தக் கம்ப்யூட்டரில், எந்த ஃபோல்டரில் அது இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரும் தேதியும் மட்டும் மாறும். சட்டத்தின் 13(3ஏ) பிரிவு, ஆட்சேபணையை ஏற்காவிட்டால் அதற்கான காரணங்களை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ‘ஏற்கத்தக்கதல்ல’ என்பது முடிவு, காரணம் அல்ல. வட்டிப் பட்டியலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. சுவாதீன நோட்டீஸ் வந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முப்பத்தெட்டாவது நாள் அவர் எங்களிடம் வந்திருந்தார்.

மனு கையெழுத்துக்கு மனைவியும் வந்தார், அடமானத்தில் அவர் பெயரும் உண்டு. குமாஸ்தா சொல்லியிருப்பார் போல. “நீங்க பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்தவருங்களாமா?” என்றார். ஆமாங்க என்றேன். “இந்த மாதிரி நோட்டீஸ் நீங்களும் அனுப்பியிருப்பீங்கல்லங்க?” அதற்கும் ஆமாங்க என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரைப் பார்த்து, “அப்ப இவருக்குத் தெரியும், போடுங்க” என்றார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவரும் போட்டார்.

இடைக்காலத் தடை கிடைத்தது, நிபந்தனையோடு: நிலுவையில் ஒரு பகுதியை இரண்டு தவணையில் கட்ட வேண்டும். முதல் தவணைக்கு நகை போனது. இரண்டாவதற்கு, பாக்கி வைத்த கம்பெனியிடமிருந்து கொஞ்சம் வசூலாகியிருக்கிறது. எங்கள் பாயிண்ட் ஜெயிக்கும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. 2018இல் ஒரு ஓட்டல் வழக்கில், 13(3ஏ) பதில் கட்டாயம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் கடன்காரரின் நடத்தையைப் பார்த்து அவருக்கு அதன் பலனைத் தராமல் விட்டது. வங்கித் தரப்பு வக்கீல் அதைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். வங்கியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கொடுத்தனுப்பியிருப்பேன். எங்கள் பட்டறைக்காரர் ஓட்டல்காரரைப் போல வாக்குக் கொடுத்துக் கொடுத்து நாள் கடத்தியவர் அல்ல என்று ரசீது ரசீதாகக் காட்ட வேண்டும். ரசீதெல்லாம் இருக்கிறது, ஒரு பிஸ்கட் டின்னில்.

வருகிற 14ஆம் தேதி வாதம். “இந்தப் பாயிண்ட்ட நீங்களே ஆர்க்யூ பண்ணிருங்க சார்” என்று மேடம் சொல்லிவிட்டார். இரண்டு பக்கம் குறிப்பு எழுதியிருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் படித்துப் பார்க்கிறேன். “உக்காந்துட்டுப் படிங்களேன், காலு வலிக்கப்போகுது” என்கிறாள் மனைவி. தீர்ப்பாயத்தில் உட்கார்ந்துகொண்டு பேச முடியாதே என்றேன்.