மேசையில் கிடந்த கம்பி

எங்கள் வீடு ஜமாலியாவில். கூரை மூலையிலிருந்து பின்வளவுத் தென்னை வரை இருபது மீற்றர் நீளத்துக்கு ஒரு செப்புக்கம்பி கட்டியிருக்கும். புதிதாக வருபவர்கள் அதை உடுப்புக் காயப்போடும் கொடி என்றே நினைப்பார்கள். அது என் சாச்சாவின் அன்டெனா.

சாச்சா ஒரு ஹாம் வானொலிக்காரர். பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியாவில் இருந்த மாமி குடும்பத்தைப் பற்றி இரண்டு நாள் ஒரு தகவலும் கிடைக்காமல் தவித்தவர். அதே நாட்களில், தொலைபேசிகள் செயலிழந்த அம்பாந்தோட்டைக்கு இலங்கை வானொலிச் சங்கத்தினர் போய், சிற்றலை வழியாகக் கொழும்புக்குச் செய்தி அனுப்பியதைப் பிறகு அறிந்தார். அன்றுதான் அவருக்கு இந்த ஆசை பிடித்தது. காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்க அவருக்குப் பல வருடங்கள் எடுத்தன.

பகலில் சாச்சா வேலைக்குப் போய்விடுவார். பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "இடி மின்னலுக்கு நாங்க காத்துக்கிட்டு இருக்கப்படா மகள், பாவிக்காத நேரம் வயரக் கழட்டி வைங்க" என்பார். நானும் தவறாமல் கழற்றி மேசையில் வைப்பேன்.

2020 ஆடி மாதம். நான் அப்போது எட்டாம் ஆண்டு. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகில் இல்லை. வாசலெல்லாம் புழுதி. சாச்சா வரும் நேரமென்று பெட்டியை ஆயத்தப்படுத்தப் போனேன். மேசைப் பக்கம் "டிக், டிக்" என்று சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்தேன். வயரை எடுத்துப் பெட்டியில் செருகும்போது ஒரு சின்ன நீலப்பொறி தெறித்தது. பெட்டியைப் போட்டேன். வெளிச்சம் வந்தது, எண்கள் வந்தன, குரல் மட்டும் வரவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாச்சா வந்து அங்குமிங்கும் திருப்பிப் பார்த்தார். மஃரிப் தொழுதுவிட்டு வந்து மறுபடி பார்த்தார். "இண்டைக்கு வானம் சரியில்ல போல" என்றார். மூன்று நாள் அவர் வானத்தைக் குறை சொன்னார். நான்காம் நாள் பெட்டியைத் துணியில் சுற்றி, திருத்தக் கொண்டுபோக ஆயத்தமானார். அப்போதுதான் அழுதுகொண்டே பொறியைப் பற்றிச் சொன்னேன்.

சாச்சா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னத்துக்கு மகள் அழுறீங்க? கழட்டச் சொன்ன நான், கழட்டின வயர எங்க வைக்கிறதெண்டு சொல்லித் தரல்லயே. இது என்ட பிழ" என்றார்.

நடந்தது என்னவென்று அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. இடி விழத் தேவையில்லை. உலர்ந்த காற்றில் பறக்கும் புழுதி கம்பியில் படும்போதெல்லாம் கொஞ்சம் ஏற்றத்தை விட்டுச் செல்கிறது. மழைத்துளிகளும் அப்படித்தான். கம்பியின் இரு முனையும் காவலியில் தொங்குகின்றன, வயரின் நுனியோ மரமேசையில் கிடக்கிறது. ஏற்றம் போக வழியில்லை. உள்கம்பியும் வெளிவலையும் கொண்ட அந்த வயரே ஒரு கொள்ளளவி. மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட்டு. எங்கள் பத்து மீற்றர் வயரில் 1000. நான் கேட்ட "டிக், டிக்" என்பது நிரம்பி வழிந்த ஏற்றம் நுனியில் பாய்ந்த சத்தம். செருகும்போது நடுமுனைதான் முதலில் தொடுகிறது. சேர்ந்ததெல்லாம் ஒரே நொடியில் பெட்டிக்குள் போய்விடுகிறது. நம் விரலுக்குச் சுள்ளென்று உறைக்க மூவாயிரம் வோல்ற்று அளவில் வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்கள் சில நூறு வோல்ற்றுக்கே கருகிவிடும்.

பெட்டி திருத்தி வர இரண்டு மாதமானது. அதற்குள் சாச்சா மூன்று வேலை செய்தார். ஜன்னலுக்கு வெளியே, மணலில் ஈரம் தட்டும்வரை செப்புக்கோல் இறக்கி, வயரின் வெளிவலையை அதனுடன் இணைத்தார். அந்தக் கோலை வீட்டு மின்சாரத்தின் புவித்தொடுப்போடும் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு சேர்த்தார். உள்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையில் ஒரு மெகா ஓம் தடையியைப் பற்றவைத்தார். சேரும் ஏற்றம் அதன் வழியே ஓயாமல் கசிந்து மண்ணுக்குப் போய்விடும். தடை மிகப் பெரிது என்பதால் குரலின் பலம் குறையாது. மூன்றாவதாக, கழற்றிய வயரைச் செருகி வைக்கப் புவித்தொடுப்புள்ள ஒரு குதையைச் சுவரில் பொருத்தினார். "இடி நேரா விழுந்தா தடையி காக்காது மகள். அதுக்குக் கழட்டத்தான் வேணும். ஆனா மேசையில வைக்கப்படா" என்றார்.

அவ்வருடம் டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. மாலையிலேயே வயரைச் சுவர்க் குதைக்கு மாற்றினேன். மின்சாரம் நின்றுவிட்டது. விடியும்வரை காற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தோம். சுபஹுக்குப் பிறகு சாச்சா பெட்டியைக் கார் பற்றரியில் இணைத்து, "நீங்களே செருகுங்க" என்றார். என் கை நடுங்கியது. செருகினேன். பொறி இல்லை. சற்று நேரத்தில், திருகோணமலையில் எல்லோரும் நலமா என்று ஒரு குரல் கேட்டது. சாச்சா பதில் சொன்னார். உம்மா கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தார்.

இப்போது உயர்தரத்தில் நிலைமின்னியல் படிக்கிறேன். கொள்ளளவியின் சமன்பாட்டை எழுதும்போதெல்லாம், வாய் திறக்காமல் இருந்த அந்த மூன்று நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அன்றே சொல்லியிருந்தால், சாச்சா வானத்தைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.